ஒடம்புவலி மாத்திரை: ஒரு கூலி வரலாறு

1

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், கவரப்பேட்டையை ஒட்டி, ஆரணி பெரியபாளையம் பக்கம் சாலை பிரிகிற இடம் புதுவாயல். காலை ஷிப்டுக்குப் போகிற சனங்க கூட்டுச் சாலையில் வண்டிக்கு நிற்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற காண்ட்ராக்ட் ஆட்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்கள், நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள். டீக்கடையில் டீ குடிக்கிறவர்களில் பலருக்கு டீயோடு இன்னொன்றும் வேணும். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுக்கும் பாக்குப் பொட்டலத்துக்கும் நடுவில் தொங்குகிற அட்டையிலிருந்து கிழித்த ஒரு மாத்திரை. "தலவலி மாத்திர ஒண்ணு குடுண்ணா." வலி வந்த பிறகு போடுவது ஒரு வகை. வலி வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே போடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உழைப்பாளிகளின் வரலாற்றை எழுதியவர்கள் கூலியை எழுதினார்கள், போராட்டத்தை எழுதினார்கள், துப்பாக்கிச் சூட்டை எழுதினார்கள். குடியைப் பற்றி எழுதியவர்கள் ஒழுக்கம் பற்றி எழுதினார்கள். ராத்திரி படுக்கும்போது இடுப்பு என்ன செய்தது, மறுநாள் அதே இடுப்பை எப்படி வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. சேரி சனங்களின் ஒடம்பு என்றால் அது வலி தாங்கும், அடி தாங்கும், வெயில் தாங்கும் என்று ஊர் சொல்லிவைத்திருக்கிறது. நாமும் அதைப் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். தாங்கவில்லை என்பதற்கு சாட்சி அந்த மாத்திரை அட்டைதான்.

கஞ்சா, சாராயம் என்றால் போலீஸ் வரும், பத்திரிகை வரும். மாத்திரைப் பழக்கத்தை யாரும் பழக்கம் என்றே சொல்வதில்லை. போட்டால் தள்ளாடுவதில்லை, வாடை அடிப்பதில்லை, வேலைக்கு மட்டம் போடுவதில்லை. முதலாளிக்கு இதைவிடத் தோதான போதை வேறு எது?

2

மாத்திரை வருவதற்கு முன்னால் சனங்க வலிக்கு என்ன செய்தார்கள்? நொச்சி இலை போட்டு வேது பிடித்தார்கள். தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். மருத்துவச்சியும் நாட்டு வைத்தியரும் நம் தெருக்களிலும் இருந்தார்கள். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் இதை ஒரு பொற்காலமாக்கவும் வேண்டாம். வேது பிடிக்க அரை நாள் வேணும். ஒத்தடம் கொடுக்க இன்னொரு ஆள் வேணும். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்றைக்குப் படுக்க வேணும். பண்ணையாளுக்கு அரை நாளை யார் கொடுத்தது? கள்ளும் சாராயமும் வலி மருந்தாகப் போய்ச் சேர்ந்தது இந்த இடத்தில்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஆண்டையே அறுவடைக் காலத்தில் கள்ளுக்குக் காசு கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

நகரத்து மில்களில் அபின் இருந்தது. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனது பதிவாகியிருக்கிறது. அதை 'பால கோலி' என்று சொன்னார்கள். அந்தத் தாய்களைக் கொடுமைக்காரிகள் என்று எழுதியவர்கள் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மில்லில் ஒரு அறை இல்லை என்பதை எழுதியவர்கள் குறைவு.

இனி மாத்திரைக்கு வருவோம். இன்றைக்கு நாம் விழுங்குகிற வலி மாத்திரைகளின் ஆதி, சாயப்பட்டறைக் கழிவில் இருக்கிறது. 19ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் எடுத்தார்கள். சாய வேலையில் மிச்சமாகித் தேங்கிய ஒரு பொருளைக் காசாக்க வழி தேடிய பேயர் கம்பெனி 1887ல் பெனாசிட்டின் என்ற மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1899ல் அதே கம்பெனி ஆஸ்பிரினைக் கொண்டுவந்தது. பாரசிட்டமாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1940களின் கடைசியில்தான், பெனாசிட்டின் ஒடம்புக்குள் போய்ப் பாரசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

பழைய வைத்தியத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வீரியம் மட்டும் கிடையாது. மாத்திரைக்கு லீவு தேவையில்லை. ஒரு மடக்கு டீ போதும். இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டிய காலத்துக்கு, ஒடம்பு நிற்காமல் ஓடுகிற மருந்து கிடைத்தது.

3

இதன் விளைவைத் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் பார்க்கலாம். முதலில் சுவீடன் நாட்டில் ஹஸ்க்வார்னா என்ற ஊர். அங்கே ஒரு ஆயுதத் தொழிற்சாலை. 1918ல் உலகம் முழுக்க விஷக்காய்ச்சல் பரவியபோது, அந்த ஊர் டாக்டர் ஹியோர்ட்டன் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார். பெனாசிட்டின், பெனசோன், கூடவே காபியில் இருக்கிற கேபீன். காய்ச்சல் போயிற்று. பொடி போகவில்லை. தலைவலிக்குப் போட்டார்கள், அசதிக்குப் போட்டார்கள், பிறகு வேலை வேகத்துக்காகப் போட்டார்கள். நம்மாட்கள் வெத்தலை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். பிறந்தநாள் பரிசாகப் பொடிப் பொட்டலம் கொடுக்கிற அளவுக்குப் போனது. சில பத்தாண்டுகள் கழித்து அந்த ஊரில் கிட்னி கெட்டுச் செத்தவர்கள் கணக்குக்கு மேல் இருந்தார்கள். 1961ல் சுவீடன் அரசு பெனாசிட்டினை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. 1963ல் குர்ட் கிரிம்லுண்ட் என்ற மருத்துவர் இந்தத் தொழிற்சாலையின் கதையை ஆய்வாக வெளியிட்டார்.

அடுத்து சுவிட்சர்லாந்து. 1953லேயே ஸ்பூலர், சோலிங்கர் என்ற இரண்டு மருத்துவர்கள், ரொம்ப நாள் வலி மாத்திரை போட்டவர்களின் கிட்னி ஒரு தனி விதமாகச் சுருங்கிக் கெடுகிறது என்று எழுதினார்கள். கண்ணையும் விரலையும் ஒரே இடத்தில் குவித்து மணிக்கணக்கில் குனிந்து செய்கிற கடிகார வேலையில் இருந்தவர்களிடம் இந்தப் பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. 1968ல் அங்கே உழைக்கும் பெண்களை வைத்து ஓர் ஆய்வு ஆரம்பித்தார்கள். பெனாசிட்டின் போடுகிற 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஒரு பக்கம், போடாத அதே அளவு பெண்கள் மறுபக்கம். பல வருடம் பின்தொடர்ந்து 1983ல் முடிவைச் சொன்னார்கள். மாத்திரை போட்டவர்களில்தான் கிட்னிச் சாவு அதிகம்.

மூன்றாவது ஆஸ்திரேலியா. பெக்ஸ், வின்சென்ட் என்று இரண்டு பொடிகள். ஆஸ்பிரின், பெனாசிட்டின், கேபீன் மூன்றும் சேர்ந்தது. வீட்டுவேலையில் களைத்த பெண்களுக்கு டீயோடு ஒரு பொட்டலம் என்று விளம்பரப்படுத்தினார்கள். பிரிசில்லா கின்கெய்ட் ஸ்மித் என்ற பெண் மருத்துவர் மெல்போர்னில் இந்தப் பொடிக்கும் கிட்னிக்கும் உள்ள உறவை விடாமல் நிரூபித்தார். 1970களில் அந்த நாட்டில் டயாலிசிசுக்கு வந்தவர்களில் சுமார் 5ல் ஒருவர் இந்தப் பொடியால் வந்தவர். 1979ல் இந்தக் கூட்டு மருந்துகளைக் கடையில் சும்மா விற்பதை நிறுத்தினார்கள். பிறகு வந்த வருடங்களில் இந்த நோயோடு புதிதாக வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

மூன்று ஊர்க் கதையிலும் ஒரே வரிசை இருக்கிறது. முதலில் நிஜமான வலி. பிறகு வேலையை நிறுத்த முடியாத நிலைமை. பிறகு மலிவான மருந்து. பிறகு பழக்கம். கடைசியில் கிட்னி. இந்த வரிசையில் 'கெட்ட மனுஷன்' எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது உடைந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் அள்ளிக் கொடுப்பது நின்றது, பழக்கமும் தளர்ந்தது. புத்திமதி மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில் அப்படி நடக்கவில்லை.

4

இந்தியாவில் பெனாசிட்டினைத் தடை செய்தது 1983 ஜூலையில். சுவீடன் கட்டுப்படுத்தி 22 வருடம் ஆன பிறகு. அதுவரைக்கும் ஏ.பி.சி. மாத்திரை என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரி முதல் மில் டிஸ்பென்சரி வரை அதை நம் பெரியவர்கள் விழுங்கினார்கள். அவர்களின் கிட்னி என்ன ஆயிற்று என்று கணக்கெடுக்க இங்கே ஒரு கிரிம்லுண்ட் வரவில்லை.

நம்ம ஊரில் மாத்திரை வந்து சேர்கிற வழி மூன்று. ஒன்று பெட்டிக்கடை. 1945ம் வருடத்து மருந்து விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று உண்டு. 1,000 பேருக்கு மிகாத கிராமத்தில் ஆஸ்பிரின், பாரசிட்டமால் மாதிரியான வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம் என்று அது சொன்னது. டாக்டர் எட்டாத ஊர்களுக்கு ஒரு உதவியாக எழுதியது. நெடுஞ்சாலை ஓரத்தில், லாரியும் கம்பெனியும் பெருகிய ஊர்களில், அந்தச் சலுகை எல்லை தாண்டி நடக்கிறது.

இரண்டாவது மெடிக்கல் ஷாப். "ஒடம்பு வலிக்குது, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால் போதும். நாலு அட்டையை வெட்டி, நாலு நிறத்தில் மாத்திரை எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்காது, தேதியும் இருக்காது. அதில் டைக்ளோபெனாக் இருக்கலாம். சட்டப்படி அது டாக்டர் சீட்டுக்குக் கொடுக்க வேண்டிய 'எச்' அட்டவணை மருந்து. சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அது போட்டால் வலி பறந்த மாதிரி இருக்கும், சோறு இறங்கும், முகம் உப்பும், சனங்க "நல்ல மாத்திரை" என்று அதையே தேடிப் போவார்கள். மூன்றாவது, படிக்காமல் ஊசி போடுகிற 'டாக்டர்'. ஒரு ஊசி, அன்றைக்கே வேலைக்குப் போகலாம்.

ஹஸ்க்வார்னாவுக்கு 1918 காய்ச்சல் என்றால் நமக்கு 2006 சிக்குன்குனியா. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அது அடித்தது. காய்ச்சல் நாலு நாளில் போயிற்று, மூட்டுவலி மாசக்கணக்கில் நின்றது. வாசல்படி இறங்க முடியாத ஆட்கள் நடவுக்குப் போக வேண்டியிருந்தது. "அப்போ ஆரம்பிச்சதுதான்" என்று சொல்கிற வயசானவர்கள் எல்லாக் காலனியிலும் இருக்கிறார்கள்.

இந்த மாத்திரைகள் ஏன் கிட்னியைத் தொடுகின்றன என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு சுரப்பை இவை அடக்குகின்றன. ஆஸ்பிரின் வேலை செய்வது இப்படித்தான் என்று 1971ல் ஜான் வேன் கண்டுபிடித்தார், 1982ல் நோபல் பரிசு வாங்கினார். அதே சுரப்புக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. வயிற்றின் உள்தோலை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது. ஒடம்பில் தண்ணி குறையும்போது கிட்னிக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கிவிடாமல் திறந்து வைக்கிறது. ஆகவே வெறும் வயிற்றில் போட்டால் அல்சர். வியர்த்து ஊற்றி, தண்ணி குடிக்காமல், அதன் மேல் இப்யூபுரோபெனோ டைக்ளோபெனாக்கோ போட்டால், கிட்னி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருந்த ஒரே கதவையும் நாம் சாத்துகிறோம்.

கும்மிடிப்பூண்டியின் ரோலிங் மில்களை யோசித்துப் பாருங்கள். இரும்புக் கட்டியை 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற இடம். உலை பக்கத்தில் நிற்கிறவர் முன்பு இந்தப் பக்கத்துக் காலனிப் பையன். இப்போது பெரும்பாலும் பீகாரி, ஒடியா. அவர்களிலும் எந்த சாதிக்காரர்கள் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று விசாரித்தால் பதில் நமக்குப் புதிதாக இருக்காது. செங்கல் சூளையில் வெயிலும் நெருப்பும் சேர்ந்தே இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017க்கும் 2020க்கும் நடுவில் நடந்த ஆய்வில், 10க்கு 9 பேருக்கு மேல் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்ததும், அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிட்னி வேலை குறைந்திருந்ததும் தெரிந்தது. 2023ல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய 20ல் ஒருவருக்கு நாள்பட்ட கிட்னி நோய். அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. காரணம் தெரியாத நோய் என்கிறார்கள். வெப்பமும் தண்ணிக் குறைவும் இதில் முக்கியம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள், வலி மாத்திரையும் பூச்சிமருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூலிக்காரன் பார்த்தால் காரணம் அவ்வளவு மர்மமாகத் தெரியாது.

5

பெண்களுக்கு இந்த வரலாற்றில் தனி அத்தியாயம். கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு பக்கத்துப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. கல்யாணத்துக்குக் காசு சேர்த்துத் தருகிறோம் என்று கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் தலித்துகள் என்பதை 2011க்குப் பிறகு வந்த பல அறிக்கைகள் சொல்லின.

2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் பத்திரிகையாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் சூப்பர்வைசர்கள் மாத்திரை கொடுக்கிறார்கள், அட்டை கிடையாது, பெயர் கிடையாது, தேதி கிடையாது என்று எல்லாப் பெண்களும் சொன்னார்கள். அந்த மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது, அவை இப்யூபுரோபென் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் ஒடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். செய்தி வந்த பிறகு பெண் தொழிலாளர்களின் உடல்நிலையைக் கண்காணிப்போம் என்று மாநில அரசு சொன்னது.

இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு வலிக்கு இப்யூபுரோபென் நல்ல மருந்துதான். சாப்பிட்ட பிறகு, இரண்டு மூன்று நாளுக்கு, அளவோடு போட்டால் எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். மருந்து தப்பில்லை. பெயர் சொல்லாமல், அளவு சொல்லாமல், பத்து நிமிஷ ஓய்வுக்குப் பதிலாகக் கொடுத்ததுதான் தப்பு. தன் வாய்க்குள் போகிற பொருளின் பெயர் தெரியாதவளாக ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். 1948ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆளும் வேணும் என்றது. 500 பேருக்கு மேல் போனால் மருத்துவ அறை வேணும் என்றது. சட்டம் சொன்னது ஒரு கவனிப்பு. மில்லில் நடந்தது உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொள்கிற வேலை.

6

இதே டைக்ளோபெனாக் மருந்துக்கு இன்னொரு கதை உண்டு. 1990களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோயின. 2004ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வலியெடுத்த மாட்டுக்கு டைக்ளோபெனாக் ஊசி போடுகிறார்கள். மாடு செத்தால் அந்தக் கறியைத் தின்கிற கழுகுக்குக் கிட்னி செயலிழக்கிறது. 2006ல் மாட்டுக்கு அந்த மருந்தை இந்திய அரசு தடை செய்தது. மனுஷருக்கான பெரிய பாட்டில்களை மாட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2015ல் ஊசிக் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தது.

கழுகு பிழைக்க வேண்டும். அதில் நமக்கு மறுபேச்சில்லை. செத்த மாட்டைத் தூக்கச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று தெரிந்தவர்களுக்குக் கழுகின் அருமையும் தெரியும். ஆனால் ஒரு பறவையின் கிட்னிக்காக ஒரு மருந்தின் பாட்டில் அளவு வரை யோசித்த அரசு, அதே மருந்தை அட்டை அட்டையாக விழுங்குகிற உலைக்காரனின் கிட்னிக்காக ஒரு கணக்கெடுப்புகூட நடத்தவில்லை. மாட்டுக்கு ஏன் ஊசி போட்டார்கள்? வலியோடு ஏர் இழுக்காது என்பதால். நமக்கு ஏன் மாத்திரை? காரணம் ஒன்றுதான்.

7

சரி, விடுவது எப்படி? வேலை நேரம் மாறட்டும், சமுதாயம் மாறட்டும், அப்புறம் விடலாம் என்றால் கிட்னி அதுவரை காத்திருக்காது. இப்போதே விட வேண்டும், விட முடியும்.

முதலில், பழக்கமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக் காலண்டரில் மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு போடுங்கள். தலைவலிக்காரர்களுக்கு மருத்துவம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாரசிட்டமால், இப்யூபுரோபென் போன்ற சாதா மாத்திரை மாசத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கேபீன் கலந்த கூட்டு மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி 3 மாசத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கிறது. காலையில் எழும்போதே தலைவலி, மாத்திரை போட்டால் கொஞ்சம் தணிவு, வேகம் குறைந்ததும் மறுபடி வலி. "எனக்கு மாத்திர போடலன்னா தல வெடிச்சிரும்" என்று சொல்கிறவரின் தலையை வெடிக்க வைப்பது பல சமயம் நேற்றைய மாத்திரை.

இதற்கு வைத்தியம் நிறுத்துவதுதான். நிறுத்தினால் முதல் சில நாள் வலி கூடும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். பெரும்பாலோருக்கு 2 நாளிலிருந்து 10 நாளுக்குள் அடங்கும். தலைவலி இருந்த நாள்களின் எண்ணிக்கை அடுத்த வாரங்களில் குறையும். இது தெரியாததால்தான் மூன்றாம் நாளே தோற்று அட்டையைத் தேடிப் போகிறார்கள். ஆகவே நிறுத்துகிற வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொங்கல் லீவு, கோயில் திருவிழா லீவு, மில் மூடுகிற நாள். வீட்டாருக்குச் சொல்லிவைக்க வேண்டும். தண்ணி நிறையக் குடிக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். ஒத்தடம், வேது, எண்ணெய் எல்லாம் மறுபடி வரட்டும்.

ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்றில்லை. கோடீன், டிரமடால், டாபென்டடால் போன்றவை அபின் குடும்பத்து மருந்துகள் அல்லது அதன் வழியில் வேலை செய்பவை. டிரமடாலை 2018ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டாபென்டடாலை வடசென்னைப் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற செய்திகளைப் படிக்கிறோம். இவற்றைத் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன ஆஸ்பிரினையும் தானாக நிறுத்தக் கூடாது. மாசக்கணக்கில் பெயர் தெரியாத 'செட்' மாத்திரை போட்டவர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்பதால், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பாரசிட்டமாலும் சாராயமும் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிட்னி பாதிக்கு மேல் கெடும் வரை ஒடம்பு வாய்திறக்காது, டெஸ்ட்தான் பேசும். ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். அந்த ஈ.எஸ்.ஐ. யார் போட்ட விதை? டாக்டர் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944ல் அடார்க்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது. மருத்துவ ஆலோசனைக்கு 104, போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற எண்கள் இருக்கின்றன. வலி மாத்திரைப் பழக்கத்துக்கும் கூப்பிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

8

கடைசியாக, வலி எங்கே பிறக்கிறதோ அங்கே போக வேண்டும். 1946ல் அம்பேத்கர் தொழிலாளர் துறையில் இருந்தபோது கொண்டுவந்த திருத்தம், தொழிற்சாலை வேலையை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகப்பெரிய வலி நிவாரணச் சீட்டு அதுதான் என்பேன். 2021ல் தமிழ்நாட்டில் கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜவுளிக்கடைப் பெண்பிள்ளைகளின் கால்வலிக்கு ஒரு ஸ்டூல் செய்வதை எந்த மாத்திரையும் செய்யாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடுகிற திருத்தத்தைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்த நாலு மணி நேரம் கூடியிருந்தால் புதுவாயல் பெட்டிக்கடையில் எத்தனை அட்டை கூடியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

நம் சங்கங்கள், நம் இயக்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் வலியைச் சேர்க்க வேண்டும். உலைக்குப் பக்கத்தில் குடிதண்ணி. வெப்பத்துக்கு ஏற்ற இடைவேளை. காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ. மாதவிலக்கு நாளில் ஓய்வு. பெயரில்லாத மாத்திரையைக் கையில் கொடுக்கிற சூப்பர்வைசரிடம் அட்டையைக் காட்டச் சொல்கிற உரிமை. காலனியில் இருக்கிற படித்த பிள்ளைகள் இன்னொரு வேலை செய்யலாம். வீடு வீடாகப் போய் யார், எந்த மாத்திரை, எத்தனை வருடமாக என்று ஒரு நோட்டில் எழுதலாம். ஹஸ்க்வார்னாவின் கதை வெளியில் தெரிந்தது யாரோ ஒருவர் எழுதிவைத்ததால்தான். நம்முடைய நோட்டை நாம்தான் எழுத வேண்டும்.